மூக்கின் அழகு வந்தது, மூச்சு போகவில்லை: இது வீக்கம்தானா?

கேள்வி (ஆரையம்பதியிலிருந்து ஓர் ஆசிரியை)

மூக்குத்தண்டில் இருந்த மேட்டைக் குறைக்க, கொழும்பில் ஒரு தனியார் வைத்தியசாலையில் சென்ற ஆண்டு சத்திரசிகிச்சை செய்துகொண்டேன். முகம் நான் விரும்பியபடியே அமைந்திருக்கிறது. ஆனால் ஆழமாக மூச்சை இழுத்தால் வலது பக்கச் சுவர் உள்ளே ஒட்டிக்கொள்கிறது. கண்ணாடியில் பார்த்தாலே தெரிகிறது. எதிர்க்காற்றில் கல்லடிப் பாலத்தில் சைக்கிள் மிதிக்கும்போது வாயைத் திறக்காமல் முடியவில்லை. இரவில் நாக்கு வறண்டு விழித்துக்கொள்கிறேன். அடைப்பு நீக்கும் ஸ்பிரேயை நாள்தோறும் அடிக்கிறேன். செய்த வைத்தியர், வீக்கம் வற்றினால் சரியாகும் என்கிறார். இன்னும் காத்திருக்கலாமா?

பதில் 1 (மட்டக்களப்பு, காது மூக்கு தொண்டைப் பிரிவில் தாதி)

தங்கச்சி, முதலில் அந்த ஸ்பிரேயை நிறுத்துங்கள். சில நாட்களுக்கு மேல் தொடர்ந்து அடித்தால் அதுவே மூக்கை அடைக்கத் தொடங்கிவிடும்.

நுனி வீக்கம் ஓராண்டு வரை நிற்கக்கூடும், அது உண்மை. ஆனால் மூச்சை இழுக்கும்போது மட்டும் சுவர் உள்ளே விழுகிறது என்றால் அதை வீக்கம் என்று சொல்லிக் கடத்தக்கூடாது. மூக்கினுள் காற்றுப்பாதை மிக ஒடுங்கும் இடத்தில், நடுச்சுவருக்கும் மேல் பக்கக் குருத்தெலும்புக்கும் இடையே 10 முதல் 15 பாகைக் கோணம்தான் இருக்கும். மேட்டைச் சீவும்போது அந்த இடத்தின் தாங்கல் தளர்ந்தால் பாதை இன்னும் ஒடுங்கும். நுனிக் குருத்தெலும்பை அதிகம் வெட்டினாலும் பக்கச்சுவர் வலுவிழக்கும். சிலருக்கு நடுச்சுவர் முன்பே வளைந்திருக்கும். அதை நிமிர்த்தாமல் வெளியை மட்டும் ஒடுக்கினாலும் இதே தொல்லைதான்.

வலது கன்னத்தில் விரலை வைத்து, காதுப் பக்கமாக மெல்ல இழுத்துக்கொண்டு மூச்சை உள்ளே இழுத்துப் பாருங்கள். என்ன நடக்கிறது என்று எழுதுங்கள்.

பதில் 2 (அக்கரைப்பற்று)

என் தம்பிக்கு வேறு விதமாக வந்தது. மூச்சு விடும்போது மூக்கு விசிலடித்தது. உள்ளே பொருக்குக் கட்டி, அடிக்கடி இரத்தம் கசிந்தது. நடுச்சுவரில் துளை விழுந்திருப்பதை உள்நோக்கிக் குழாய் விட்டுத்தான் கண்டுபிடித்தார்கள். வெளியே பார்த்துச் சொல்வதை நம்பி இருக்காதீர்கள், சகோதரி. கொதித்தாறிய நீரில் கலந்த உப்புக் கரைசலால் கழுவுவது அவனுக்கு ஓரளவு ஆறுதல் தருகிறது.

கேள்வி கேட்டவர்

அக்கா, கன்னத்தை இழுத்ததும் காற்று தாராளமாகப் போகிறது! திருத்தினால் பழைய மேடு திரும்ப வந்துவிடுமா?

பதில் 1

வராது. கன்னத்தை இழுத்ததும் காற்று போவதால், அடைப்பு நான் சொன்ன அந்த ஒடுங்கிய இடத்தில்தான் இருக்கக்கூடும். நடுச்சுவரிலிருந்தோ காதிலிருந்தோ குருத்தெலும்பு எடுத்து உள்ளே முட்டுக்கொடுப்பார்கள்; போதாவிட்டால் விலாவிலிருந்து எடுப்பார்கள். இப்படி முட்டுக்கொடுக்க 1984இல் ஜாக் ஷீன் என்ற அமெரிக்க வைத்தியர் விவரித்த முறை இன்றும் கையாளப்படுகிறது. மூக்குத்தண்டு சற்று அகலமாகத் தெரியலாம், அதை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். திருத்தத்துக்குப் பொதுவாக ஓராண்டு பொறுப்பார்கள், பரிசோதனைக்குப் பொறுக்க வேண்டியதில்லை. பழைய சத்திரசிகிச்சைக் குறிப்பின் பிரதியைக் கேட்டு வாங்கிக்கொண்டு, மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் காது மூக்கு தொண்டை நிபுணரைப் பாருங்கள்.