இறக்கத்தில் சூடானதும் பின் பிரேக் காணாமல் போகிறது: மாஸ்டர் சிலிண்டர் கிட் மாற்ற வேண்டுமா?

செம்மண்தடம்:
200 சிசி ட்ரெயில் பைக். பின்னால் 220 மி.மீ. டிஸ்க், ஒற்றை பிஸ்டன் காலிப்பர் (பேட்டை டிஸ்க்கில் அழுத்தும் பகுதி), ஏபிஎஸ் முன்சக்கரத்துக்கு மட்டும். வண்டி ஆறியிருக்கும்போது பின் பிரேக் ஓரளவு பிடிக்கிறது. கொல்லிமலை மாதிரி வளைந்து வளைந்து இறங்கும் பாதையிலோ, கல்லும் மண்ணுமான இறக்கத்திலோ கொஞ்ச நேரம் போனால் பெடல் பஞ்சாகி அடி வரை அமுங்குகிறது. நிறுத்தி ஆறவிட்டால் திரும்ப வருகிறது. பேட் புதுசு. பிரேக் லைனில் இரண்டு தடவை ஏர் (காற்று) எடுத்தாச்சு. கசிவு இல்லை. ஒர்க்‌ஷாப்பில் மாஸ்டர் சிலிண்டர் (பெடலை மிதிக்கும்போது பிரேக் ஆயிலை அழுத்தும் பகுதி) கிட் மாற்றச் சொல்கிறார்கள். வாங்கலாமா?

காலிப்பர்_கை:
இப்போதைக்கு வாங்காதீர்கள். கிட்டில் உள்ள ரப்பர் கப் தேய்ந்திருந்தால், ஆறிய வண்டியிலேயே பெடலை ஒரே அழுத்தமாகப் பிடித்தால் மெதுவாகக் கீழே இறங்கும். அதைச் சோதித்துப் பாருங்கள். இறங்காமல் நின்றால் கோளாறு அந்தக் கப்பில் இல்லை.

சூட்டில் மட்டும் பஞ்சாகிறது என்றால் காலிப்பருக்குள் பிரேக் ஆயில் கொதிக்கிறது. ஆயில் அமுங்காது, ஆவி அமுங்கும். டாட் 4 (DOT 4) தர ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை தாங்கும். ஈரத்தை உறிஞ்சிய பிறகு அந்த அளவு 155 வரை இறங்கிவிடலாம். ஆனால் பழைய ஆயில் பாதிக் காரணம்தான். இவ்வளவு சூடு ஏன் வருகிறது என்பதைத்தான் முதலில் கண்டுபிடிக்க வேண்டும். பெரும்பாலும் பெடலை விட்ட பிறகும் பேட் டிஸ்க்கை உரசிக்கொண்டே இருக்கும்.

சோதனை இது. பிரேக் பிடிக்காமல் போனதும் சமதரையில் நிறுத்தி, பின்சக்கரத்தைத் தூக்கி நியூட்ரலில் கையால் சுற்றுங்கள். டிஸ்க்கைத் தொட்டுவிடாதீர்கள். சக்கரம் இறுகியிருந்தால், காலிப்பரில் ஏர் எடுக்கும் நிப்பிளில் ரப்பர் குழாயை மாட்டி, மறுமுனையைப் பாட்டிலில் விட்டு, கால் சுற்று தளர்த்துங்கள். ஆயில் பீய்ச்சி வந்து சக்கரம் உடனே லேசானால், லைனுக்குள் அழுத்தம் அடைபட்டிருக்கிறது. மாஸ்டர் சிலிண்டர் பக்கம் போங்கள். அப்படியும் இறுக்கம் போகவில்லையா, காலிப்பர் நகர உதவும் ஸ்லைடு பின் அல்லது பிஸ்டன் சிக்கியிருக்கிறது.

செம்மண்தடம்:
பெடல் இறங்காமல் நிற்கிறது. நிப்பிளைத் தளர்த்தியதும் சக்கரம் லேசாகிவிட்டது. நின்றுகொண்டு ஓட்ட வசதியாகப் பெடலைக் கொஞ்சம் உயர்த்தி வைத்திருக்கிறேன். அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

மேட்டுப்பாதை:
அதுதான் காரணம் என்று கிட்டத்தட்ட உறுதியாகச் சொல்லலாம். மாஸ்டர் சிலிண்டருக்குள் ஒரு சின்னத் துளை உண்டு. பெடலை விட்டதும் பிஸ்டன் முழுக்கப் பின்வாங்கினால்தான் அது திறக்கும். சூட்டில் விரியும் ஆயில் அந்த வழியாகத்தான் ஆயில் டப்பாவுக்குத் திரும்பும். பெடலிலிருந்து பிஸ்டனைத் தள்ளும் புஷ்ராடை நீட்டிப் பெடலின் உயரத்தை மாற்றியவர்கள், ராடுக்கும் பிஸ்டனுக்கும் இடையிலான ஆட்டத்தைச் சரிபார்க்காமல் விட்டால், பிஸ்டன் எப்போதும் சற்று அழுத்தப்பட்டே இருக்கும். துளை மூடியே கிடக்கும். விரிந்த ஆயில் பேட்டைத் தள்ளும், உரசல் கூடும், சூடு இன்னும் ஏறும். தடித்த பூட்ஸ் போட்டுக் காலைப் பெடல் மேலேயே வைத்து ஓட்டினாலும் இதே கதைதான்.

புஷ்ராடின் லாக்நட்டைத் தளர்த்தி, ராடைச் சுருக்குங்கள். ராடு பிஸ்டனைத் தொடும் முன் ஒரு மி.மீ. அளவு சும்மா ஆட வேண்டும். பெடல் நுனியில் அது சில மி.மீ. ஆகத் தெரியும். துல்லியமான அளவுக்கு உங்கள் வண்டியின் சர்வீஸ் கையேட்டைப் பாருங்கள். லாக்நட்டை இறுக்கிய பின் பிரேக் லைட் சரியான இடத்தில் எரிகிறதா என்று பார்க்க மறக்காதீர்கள்.

இன்னொன்று: தேய்ந்த பேட்டோடு ஆயில் நிரப்பிவிட்டு, பிறகு புதுப் பேட் போட்டால் டப்பா வழிய வழிய நிற்கும். மேல்கோட்டுக்குக் கீழே இருக்கட்டும்.

காலிப்பர்_கை:
கொதித்த ஆயிலை அப்படியே விடாதீர்கள், முழுக்க மாற்றுங்கள். பின் பிரேக்குக்கு 100 மி.லி. தாராளம். புதிதாக உடைத்த பாட்டிலாக இருக்கட்டும். மாற்றும்போது நடுவில் டப்பா வறண்டால் காற்று புகுந்துவிடும், மறுபடி முதலிலிருந்துதான். சில வண்டிகளில் நிப்பிள் காலிப்பரின் உச்சியில் இருக்காது. ஏர் எடுத்தும் தீராததற்கு இதுவே காரணமாக இருக்கலாம். காலிப்பரைக் கழற்றி, பேட்டுகளுக்கு நடுவே டிஸ்க் தடிமனுக்கு ஒரு மரத்துண்டை வைத்து, நிப்பிள் மேலே வரும்படி சாய்த்துப் பிடித்து எடுங்கள். மரத்துண்டு இல்லாமல் பெடலை மிதித்தால் பிஸ்டன் வெளியே வந்துவிடும். பெயின்ட் மேல் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

கழற்றிய கையோடு ஸ்லைடு பின்களை உருவித் துடைத்து, சிலிகான் கிரீஸ் போடுங்கள். சாதாரண பேரிங் கிரீஸ் ரப்பரை உப்பவைத்துவிடும். பேட்டின் முகம் கண்ணாடி போல் பளபளத்தால், சமமான பரப்பில் எமரி பேப்பரை வைத்துத் தேய்த்து, தூசியை மூச்சில் இழுக்காமல் துடைத்துவிடுங்கள். செயின் ஸ்ப்ரே ஊறிய பேட்டாக இருந்தால் தேய்த்துப் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும்.

செம்மண்தடம்:
டாட் 5.1 ஊற்றினால் இன்னும் தாங்குமா?

மேட்டுப்பாதை:
தாங்கும். டாட் 4 வண்டியில் 5.1 ஊற்றலாம். டாட் 5 வேறு. அது சிலிகான், இதோடு கலக்கக் கூடாது. கடையில் வாங்கும்போது 5-க்குப் பின்னால் ‘.1’ இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். ஆனால் புஷ்ராடைச் சரிசெய்யாமல் எதை ஊற்றினாலும் அதுவும் கொதிக்கும்.