ஃபைல் கண்ணு முன்னாடி இருக்கு, ஆனா "நோ சச் ஃபைல்"னு வருது. அவசரம்!

புதுக்கணினி:
ஷெல் ஸ்கிரிப்ட் (கமாண்டுகளை வரிசையா எழுதி வச்சு ஓட்டற ஃபைல்) இப்பதான் கத்துக்கறேன். பேக்கப் எடுக்க சின்னதா ஒண்ணு எழுதி ஓட்டினா "நோ சச் ஃபைல் ஆர் டைரக்டரி"ன்னு வருது. எல்எஸ் (ஃபைல் பட்டியல் காட்டற கமாண்ட்) போட்டா ஃபைல் அங்கேயேதான் இருக்கு. ஸ்பெல்லிங்கும் சரி. யாராவது சொல்லுங்க ப்ளீஸ்.

டெர்மினல்தாசன்:
பர்மிஷன்தான், வேற என்ன. ஓட்டற அனுமதி கொடுக்க சிஎச்மாட் +எக்ஸ் போட்டுட்டு ஓட்டுங்க.

கடைசிவரி:
பர்மிஷன் இல்லேன்னா "பர்மிஷன் டினைட்"னு வரும் தாசன். இது வேற. புதுக்கணினி, எந்த சிஸ்டம்? எப்படி ஓட்டினீங்க? ஸ்கிரிப்டோட முதல் வரி என்ன?

நிழல்ரூட்:
./ போடாம வெறும் பேரை அடிச்சிருப்பார். லினக்ஸ் தானா இப்ப இருக்கிற ஃபோல்டர்ல தேடாது, பாத்னு ஒரு பட்டியல் இருக்கு, அதுல இருக்கிற இடத்துல மட்டும்தான் தேடும்.

கடைசிவரி:
அப்படின்னா "கமாண்ட் நாட் ஃபவுண்ட்"னு வந்திருக்கும்.

பழையமுனையம்:
பிழைச் செய்தியை முழுசா ஒட்டக்கூட சோம்பல், ஆனா அவசரம் மட்டும் இருக்கு. நாங்க கத்துக்கிட்ட காலத்துல மேன் பக்கத்தை (கமாண்டோட கையேட்டை) படிச்சுட்டுத்தான் வாயைத் திறப்போம். இப்ப எல்லாருக்கும் ஊட்டி விடணும்.

ஊர்சுத்தி:
பெரியவரே, அந்த மேன் பக்கத்துல எங்க பார்க்கணும்னாவது சொல்லுங்களேன்.

புதுக்கணினி:
சாரி சார். விண்டோஸ்ல டபிள்யூஎஸ்எல் (விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸ் ஓட்டறது), உபுண்டு 22.04 லினக்ஸ். ஸ்கிரிப்ட் சி டிரைவ்ல இருக்கு, நோட்பேட்ல அடிச்சது. சிஎச்மாட் போட்டாச்சு, மாற்றம் இல்லை. எல்எஸ் -எல்ல எல்லா ஃபைலும் முழு பர்மிஷனோடதான் காட்டுது. முழுச் செய்தி இதுதான், நடுவுல இருக்கறது எனக்குப் புரியல:

பாஷ்: ./பேக்கப்.எஸ்எச்: /பின்/பாஷ்^எம்: பேட் இன்டர்ப்ரெட்டர்: நோ சச் ஃபைல் ஆர் டைரக்டரி

முன்னாடி பாஷ்னு (ஸ்கிரிப்டை ஓட்டற ஷெல் புரோகிராம்) போட்டு ஓட்டினா பாதி ஓடுது. ஹோம்ல (லினக்ஸ்ல எனக்கான ஃபோல்டர்) பேக்கப் ஃபோல்டரும் வந்திருக்கு, ஆனா சிடி பேக்கப்னு அடிச்சா உள்ளே போக மாட்டேங்குது. பேரைச் சுத்தி மேற்கோள்குறி, டாலர் எல்லாம் காட்டுது.

கடைசிவரி:
அந்த ^எம்-லதான் எல்லாமே இருக்கு. விண்டோஸ் ஒவ்வொரு வரி முடிவிலயும் 13, 10னு எண் உள்ள ரெண்டு எழுத்து வைக்கும். லினக்ஸுக்கு 10 மட்டும் போதும். மிச்சம் நிக்கற 13 கண்ணுக்குத் தெரியாது, ஆனா அதுவும் வரியோட பாகம்தான். அதைத்தான் செய்தி ^எம்னு காட்டுது.

ஸ்கிரிப்டை ஓட்டும்போது கெர்னல் (சிஸ்டத்தோட மையப் புரோகிராம்) முதல் ரெண்டு எழுத்து #! ஆன்னு பார்க்கும். ஆமான்னா அதுக்கப்புறம் இருக்கிற பாதையில உள்ள புரோகிராமைத் தேடும். உங்க விஷயத்துல அது தேடினது பாஷ் இல்ல, பின்னாடி 13 ஒட்டின பாஷ். அப்படி ஒரு ஃபைல் எங்கயும் கிடையாது. காணோம்னு சொன்னது உங்க ஸ்கிரிப்டை இல்ல, அதை ஓட்ட வேண்டியவனை.

பாஷ் 5.2ல இதே கோளாறுக்கு "ரெக்வயர்ட் ஃபைல் நாட் ஃபவுண்ட்"னு வரும். ^எம் கூடக் காட்டாது, இன்னும் குழப்பம்.

ஃபோல்டர் பேர்லயும் அதே 13 ஒட்டியிருக்கு. அவசரப்பட்டு அழிச்சிடாதீங்க, காப்பி பண்ணின ஃபைல்களும் அதுக்குள்ளதான் இருக்கும். பேர் மாத்தற கமாண்ட் எம்வி; எம்வி பேக்னு அடிச்சு டேப் தட்டுங்க, ஷெல்லே முழுப் பேரையும் நிரப்பும். அப்புறம் புதுப் பேர் கொடுங்க. நட்சத்திரக் குறி போட்டு ஆர்எம் -ஆர் (ஃபோல்டரோட அழிக்கறது) மட்டும் வேண்டவே வேண்டாம்.

ஸ்கிரிப்டைச் சரி பண்ண எஸ்-இ-டி (செட்) கமாண்ட், இதுல \ஆர்னா அந்த 13தான்: செட் -ஐ 'எஸ்/\ஆர்$//' பேக்கப்.எஸ்எச். இல்லேன்னா இதே வேலைக்கு டாஸ்2யுனிக்ஸ் நிறுவிக்கலாம். போட்டதும் கேட் -ஏ (பெரிய ஏ) அடிச்சுப் பாருங்க, வரி கடைசியில வெறும் $ தெரியணும், ^எம்$ தெரியக் கூடாது.

சிஎச்மாட் வேலை செய்யாததுக்குக் காரணம் இது இல்ல, வேற. சி டிரைவ் ஃபைல்களுக்கு டபிள்யூஎஸ்எல் சாதாரணமா 777தான் (எல்லாருக்கும் முழு அனுமதி) காட்டும், நீங்க மாத்தினாலும் நிக்காது.

நிழல்ரூட்:
முதல் வரியை #!/யூஎஸ்ஆர்/பின்/என்வி பாஷ்னு மாத்தினா என்வி பாஷை பாத்ல தேடிப் பிடிக்கும், பாஷ் எங்க நிறுவியிருந்தாலும் ஓடும். எல்லாரும் அதையே எழுதணும்.

பழையமுனையம்:
என்வி போட்டாலும் அதே 13 ஒட்டும் தம்பி. இந்தத் தடவை என்வி போய் "பாஷ்\ஆர்" எங்கேன்னு தேடும். நேரா /பின்/எஸ்எச்னு எழுதிப் பழகுங்க.

நிழல்ரூட்:
உபுண்டுல எஸ்எச்னா பாஷ் இல்ல, டேஷ்ங்கற சின்ன ஷெல், 2006ல வந்த 6.10ல இருந்தே. பாஷ்ல போடற இரட்டைச் சதுர அடைப்பு [[ ]] போட்டா அங்கேயே படுத்துடும். என்வின்னு நான் சொன்னது ஃப்ரீபிஎஸ்டிங்கற வேற சிஸ்டத்தை வச்சு. அங்க பாஷ் இருக்கறது /யூஎஸ்ஆர்/லோக்கல்/பின்ல.

பழையமுனையம்:
அவர் ஃப்ரீபிஎஸ்டியா கேட்டார்?

டெர்மினல்தாசன்:
அப்ப சிஎச்மாட் தேவையே இல்லையா?

கடைசிவரி:
ஸ்கிரிப்டை ஹோமுக்குக் கொண்டு போனா தேவைப்படலாம். அங்கேயே நானோங்கற எடிட்டர்ல எழுதினா 13 பிரச்சினையும் வராது. நோட்பேட் 2018ல இருந்து லினக்ஸ் வரி முடிவை மதிக்குது, ஆனா புதுசா உருவாக்கற ஃபைலுக்கு இன்னும் ரெண்டெழுத்துதான் போடும்.

புதுக்கணினி:
ஓடிடுச்சு!! செட் போட்டேன். ஃபோல்டர் பேரும் மாறிடுச்சு. தேங்க்ஸ் அண்ணா.

நிழல்ரூட்:
நிக்ஸ்ஓஎஸ்ங்கற லினக்ஸ்ல /பின்/பாஷே கிடையாது, தெரியுமா?

பழையமுனையம்:
/பின்/எஸ்எச் இருக்கு. அதைத்தான் சொன்னேன்.