மறு: ‘ஹார்ட்வுட்’, ‘லேமினேட்’ – தரைப் பலகைக்கான சொற்கள்

குழும அன்பர்களுக்கு வணக்கம்.

சென்ற வாரம் நான் கேட்டது சிறிய கேள்வி. ரொறன்ரோவிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் வீடு வாங்குகிற, வாங்கிய வீட்டைத் திருத்துகிற தமிழர்களுக்காக எழுதிவரும் கையேட்டில், தரைக்கு ஹார்ட்வுட் (உண்மை மரப்பலகை) போடுவதா லேமினேட் (மேலே மரப்படம் ஒட்டிய நார்ப்பலகை) போடுவதா என்ற இயலுக்கு எந்தத் தமிழ்ச் சொற்களை ஆள்வது என்றுதான் கேட்டிருந்தேன். இத்தனை மடல்கள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. ஒருபுறம் வன்மரத் தளம், வைரமரத் தளம், அகக்காழ்த் தளம் ஆகியனவும், மறுபுறம் அடுக்குப்பலகைத் தளம், மென்தகட்டுத் தளம், போலிமரத் தளம், மைக்காத் தளம் ஆகியனவும் வந்து சேர்ந்துள்ளன. ‘இரண்டையும் ஒலிபெயர்த்தே எழுதிவிடலாமே’ என்ற மடலும் உண்டு. அந்த வழியை நானும் எண்ணிப் பார்த்தேன். ஆனால் சென்னையிலிருந்து எழுதுபவர் ‘லேமினேட்’ என்கிறார், யாழ்ப்பாணத்து வழக்கில் வளர்ந்த நாங்கள் ‘லமினேற்’ என்கிறோம், இங்கே வரும் விளம்பரத் தாள்களிலோ இன்னும் இரண்டு எழுத்துக்கூட்டல்கள் உண்டு. ஆகவே ஒலிபெயர்ப்பிலும் நாம் ஒரே சொல்லைப் பகிர்ந்துகொள்ளவில்லை.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வன்மையையும் மென்மையையும் அளவுகோலாகக் கொண்ட எந்தச் சொல்லும் இந்த இடத்தில் வாங்குபவருக்குத் துணை செய்யாது. பலகையைக் குறுக்கே அறுத்தால் உள்ளே என்ன தெரியும் என்பதைச் சொல்லும் பெயர்களே நமக்குத் தேவை.

‘வன்மரம்’ ஆங்கிலச் சொல்லின் இரு பாதிகளையும் அப்படியே பெயர்த்தது. மூலச் சொல்லே பொருளைச் சரியாகக் காட்டாதபோது அதன் நிழல் எப்படிக் காட்டும்? தாவரவியலின்படி ஹார்ட்வுட் என்பது பூத்துக் காய்க்கும் இருவித்திலை மரங்களின் கட்டை; சாஃப்ட்வுட் என்பது பைன், ஃபர் போன்ற கூம்புக்காய் மரங்களின் கட்டை. இந்தப் பிரிவின்படி, விமான மாதிரிகள் செய்யப் பயன்படுகிற, நகத்தால் அழுத்தினாலே பள்ளம் விழுகிற பால்சா ஹார்ட்வுட் ஆகிவிடுகிறது; பழைய ஆங்கிலேயர் வில் வளைத்த யூ மரம், ஓக்கைவிடக் கெட்டியாக இருந்தும், சாஃப்ட்வுட் ஆகிவிடுகிறது. தரைப் பலகைகளின் கெட்டித்தன்மையைக் கடைக்காரர்கள் ஜாங்கா எண்ணால் குறிப்பார்கள். 11.28 மில்லிமீட்டர் விட்டமுள்ள எஃகுக் குண்டு ஒன்று பலகைக்குள் பாதியளவு புதைவதற்கு வேண்டிய விசை எவ்வளவு என்பதே அந்த எண். ஆஸ்திரிய ஆய்வாளர் காபிரியேல் ஜாங்கா 1906-இல் வகுத்த முறை அது. இங்கே வீடுகளில் மிகுதியாகப் பாவப்படும் சிவப்பு ஓக்குக்கு அந்த எண் (பவுண்டு விசையில்) 1,290, வெள்ளை ஓக்குக்கு 1,360, கெட்டி மேப்பிளுக்கு 1,450. நம்மவர்கள் மரங்களுக்கெல்லாம் அரசனாக மதிக்கும் தேக்கு இந்த வரிசையில் சிவப்பு ஓக்குக்கும் கீழேதான் நிற்கிறது. தேக்கின் பெருமை அதன் எண்ணெய்ப் பசையிலும், ஈரம் ஏறி இறங்கினாலும் அதிகம் கோணாத தன்மையிலும் இருக்கிறதே ஒழிய வன்மையில் இல்லை. ‘வன்மரத் தளம்’ என்று படித்துவிட்டுக் கடைக்குப் போகிறவர், அங்கே தேக்குப் பலகையை ஆணியால் கீறிப் பார்த்தால் நம் சொல்லைத்தான் ஐயுறுவார்.

‘வைரமரம்’ என் மனத்துக்கு மிகவும் பிடித்த பரிந்துரை என்பதை ஒப்புக்கொள்கிறேன். வைரம் பாய்ந்த மரம் என்ற தொடரைக் கேட்டதும் நெஞ்சில் ஒரு நம்பிக்கை பிறக்கிறது. பரிந்துரைத்த அன்பரும் அதைத்தான் கருதியிருப்பார். ஆயினும் வைரம் என்பது மரத்தின் நடுப்பகுதிக்கு, அதாவது பாடநூல்கள் வைரக்கட்டை என்று அழைக்கும் பகுதிக்கு, ஏற்கெனவே உரிய பெயர். பைன் மரத்துக்கும் வைரம் உண்டு, அதை எந்தக் கடையும் ஹார்ட்வுட் என்று விற்பதில்லை. மறுதலையாக, மேப்பிள் தளத்தின் அந்தப் பால்வெள்ளைப் பலகைகள் பெரும்பாலும் வைரத்தைச் சூழ்ந்த சாற்றுக்கட்டையிலிருந்து அறுக்கப்படுபவை. தச்சர் வாய்மொழியில் சொன்னால் அது வெளிறு. வெளிற்றை விற்றுக்கொண்டு வைரம் என்று பெயரிட்டால் எந்தத் தச்சர் ஏற்பார்?

‘அகக்காழ்’ என்பதற்கும் ஏறத்தாழ இதே தடைதான். இருந்தாலும் அந்த மடலில் சுட்டப்பட்டிருந்த தொல்காப்பிய மரபியல் செய்தி வேறொரு இடத்தில் எனக்கு உதவியது. வெளியே காழ், அதாவது வைரம், உள்ளதைப் புல் என்றும் உள்ளே காழ் உள்ளதை மரம் என்றும் அது பிரிக்கிறது. ஹார்ட்வுட் அடுக்குக்குப் பக்கத்திலேயே இங்கே மூங்கில் பலகையும் விற்கிறார்கள். வாங்குபவர்கள் அதையும் ஒருவகை மரம் என்றே எண்ணிக்கொள்கிறார்கள். தாவரவியலார் மூங்கிலைப் புல் குடும்பத்தில் வைத்திருக்கிறார்கள், மரபியலின் கணக்கிலும் அது புல்லே. ஆகவே கையேட்டில் மூங்கில் தளத்தை மர வகைகளிலிருந்து பிரித்துத் தனித் தலைப்பில் எழுதப் போகிறேன்.

எனக்கு வழி காட்டியது என் மாமனார் சொன்ன ஒரு சொல். அவர் யாழ்ப்பாணத்தில் பனையும் வேம்பும் முதிரையும் அறுத்துப் பார்த்துப் பழகியவர். நாங்கள் ரொறன்ரோவின் ஸ்காபரோவில் வீடு வாங்கியபோது வரவேற்பறைத் தரையைப் பார்த்துவிட்டு, குனிந்து விரல் முட்டியால் இரண்டு முறை தட்டி, ‘இது மரமில்லைத் தம்பி, மட்டை; மேல படம் ஒட்டிக்கிடக்கு’ என்றார் (அட்டையை நாங்கள் மட்டை என்போம்). விற்பனை முகவர் கையில் இருந்த தாளில் அது என்ன பெயரில் இருந்தது என்பதை நான் அப்போது கவனிக்கவில்லை. அடுத்து மாடியறைத் தரையைத் தட்டிவிட்டு, ‘இது முழு மரம்’ என்றார். வகைப்பாடு அந்த இரண்டு தட்டில் முடிந்துவிட்டது.

ஆகவே முதல் சொல்லுக்கு என் பரிந்துரை ‘முழுமரம்’. மேலிருந்து கீழ்வரை, பொதுவாக 19 மில்லிமீட்டர் தடிப்புக்கு, ஒரே மரம். கீறல் விழுந்தாலும் மெருகு போனாலும் மேற்பரப்பைச் சில முறை தேய்த்தெடுத்துப் புது மெருகு ஏற்ற முடிவது அது முழுமரமாக இருப்பதனால்தான். குளிர்காலத்தில் வீட்டைச் சூடேற்றும்போது காற்று உலர்ந்து பலகைகளுக்கிடையே மெல்லிய இடைவெளி தோன்றுவதும், கோடையில் அது மூடிக்கொள்வதும், கான்கிரீட்டிலிருந்து ஈரம் ஏறும் நிலக்கீழ் அறையில் அதைப் பாவக்கூடாது என்று சொல்வதும் அதே காரணத்தால்தான். நல்லதும் கெட்டதும் ஒரே வேரிலிருந்து வருவதால், வேரைச் சொல்லும் பெயர் இருந்தால் மற்றவற்றை விளக்குவது எளிது. வன்மரம் என்ற சொல்லால் இவற்றில் ஒன்றையும் விளக்க முடியவில்லை. தாவரவியல் பொருளில் ஹார்ட்வுட் என்று வரும் இடங்களில் ‘அகன்ற இலை மரம்’ என்று எழுதிவிடலாம். தரை வாங்குபவருக்கு அது பெரும்பாலும் தேவைப்படாது.

இனி லேமினேட். விவாதம் சூடேறியதும் இங்கேதான்.

‘மைக்காத் தளம்’ என்று பரிந்துரைத்த கோவை அன்பர் அதை வேடிக்கையாக எழுதினாரோ என்னவோ, எனக்கு அது மிகவும் சிந்திக்கத்தக்கதாகப் பட்டது. தமிழ்நாட்டுத் தச்சர்கள் அலமாரிக் கதவுகளில் ஒட்டும் தகட்டைச் சன்மைக்கா என்றும் சுருக்கி மைக்கா என்றும் சொல்கிறார்கள். சன்மைக்கா ஒரு வணிகப் பெயர். அதற்கும் முன்னோடியான ஃபார்மைக்கா, 1912-13 வாக்கில் அமெரிக்காவில் இரண்டு பொறியாளர்கள் பிசினில் தோய்த்த பொருளை அடுக்கி அழுத்தி, மின்காப்புக்காக அதுவரை பயன்பட்ட மைக்காவுக்கு மாற்றாக உருவாக்கிய பண்டம். ‘மைக்காவுக்குப் பதிலாக’ என்ற பொருளில்தான் அதற்கு அப்பெயரே வைத்தார்கள். மைக்கா என்பது நம் காக்காப்பொன். ஆக, எந்தப் பொருள் அதில் இல்லையோ அந்தப் பொருளின் பெயராலேயே நம் தச்சர்கள் அதை அழைக்கிறார்கள்! சொல்லின் பயணம் சுவையானது. ஆனால் கையேட்டில் மைக்காத் தளம் என்று எழுதினால் யாழ்ப்பாணத்தார்க்கும் மலேசியத் தமிழர்க்கும் விளங்காது.

தரைக்கு வந்த லேமினேட் இதன் இளைய உறவு. சுவீடனின் பெர்ஸ்டார்ப் நிறுவனம் 1977-இல் அதை உருவாக்கி, பிறகு பெர்கோ என்ற பெயரில் சந்தைக்குக் கொண்டுவந்தது. தொடக்கத்தில் பலகை விளிம்புகளுக்குப் பசை தடவி இணைத்தார்கள். நாக்கும் காடியும் சொடுக்கென்று பூட்டிக்கொள்ளும் இன்றைய முறை 1990-களின் பிற்பகுதியில் வந்தது. அறுத்துப் பார்த்தால் அடியில் பலகை கோணாமல் இருக்க ஒரு தாள், அதன்மேல் மரநாரை அழுத்திச் செய்த அடர்ந்த நார்ப்பலகை, அதன்மேல் மரத்தின் ஒளிப்படம் அச்சிட்ட தாள், எல்லாவற்றுக்கும் மேலே அலுமினியம் ஆக்சைடு கலந்த மெலமைன் பிசின் படலம். இவற்றை வெப்பத்தில் ஒருசேர அழுத்தி ஒட்டுகிறார்கள். மாமனார் சொன்ன ‘மேல படம் ஒட்டிக்கிடக்கு’ என்பதைவிடச் சுருக்கமான வரையறை எனக்குக் கிடைக்கவில்லை.

இந்த அமைப்பை வைத்துப் பார்த்தால் ‘அடுக்குப்பலகை’ போதாது. ஒட்டுப்பலகையும் (பிளைவுட்) அடுக்குதான், நார்ப்பலகைக்கோ ஒட்டுப்பலகைக்கோ மேலே சில மில்லிமீட்டர் உண்மை மரத்தை ஒட்டிச் செய்யும் எஞ்சினியர்டு பலகையும் அடுக்குதான். வாங்குபவர் குழம்புவதே இந்த மூன்றுக்கும் இடையில் என்பதால், மூன்றையும் ஒரே பெயரில் கட்டிவிடுவது தீங்காக முடியும். ‘போலிமரம்’ என்பதில் உண்மை இருக்கிறது, நேர்மை இல்லை. மரப்படம் அச்சிட்ட வினைல் பலகையும் அதற்குள் அடங்கிவிடும் என்பது ஒரு குறை. மேலும், கதிரையை (நாற்காலியை) இழுத்தாலும் நாய் ஓடினாலும் எளிதில் கீறல் விழாத லேமினேட்டின் மேற்படலம் ஓக் பலகையின் மெருகைவிட உறுதியானது. பலருடைய வரவுக்குள் அடங்கும் பொருளும் அதுதான். அதை வாங்கிய குடும்பத்திடம் உங்கள் வீட்டில் இருப்பது போலி என்று ஒரு கலைச்சொல் சொல்லக்கூடாது. (விற்பவர் ஒருவரும் அச்சொல்லை எழுதமாட்டார் என்பதும் உண்மை.)

நான் முன்வைப்பது ‘ஒட்டேடு’. மெல்லிய தகட்டையும் படலத்தையும் குறிக்க ஏடு என்ற சொல் நம்மிடம் இருக்கிறது. பனையோலை ஏடும் ஏடுதான், ஆறிய பாலின்மேல் படியும் பாலேடும் ஏடுதான். ஒட்டுப்பலகை என்பது ஏற்கெனவே மக்கள் நாவில் பழகிய சொல்லாதலால் ஒட்டேடு அதன் தம்பிபோல் ஒலிக்கும். தளத்துக்கு ஒட்டேட்டுத் தளம், அலமாரிக்கு ஒட்டேட்டுக் கதவு. வினையாக்கவும் முடிகிறது: ‘சான்றிதழை ஏடொட்டி வைத்திருக்கிறேன்’ என்றால் எவருக்கும் புரியும். மென்தகட்டை வைத்து இப்படி ஒரு வினையை ஆக்கிப் பாருங்கள், நாக்கு தடுக்கும். ‘ஒட்டேட்டு’ என்பதில் டகர ஒற்று நெருக்கமாக வருகிறது என்பார்கள். ‘பாட்டுக்கட்டு’, ‘ஓட்டுவீட்டுக்காரர்’ என்றெல்லாம் தடையின்றிச் சொல்கிற நமக்கு அது பெரிய சுமையாகாது. ‘அச்சேடு’ என்பதையும் கருதினேன், படம் அச்சிட்டது என்ற செய்தி அதில் இருக்கிறது. ஆனால் கேட்டவுடன் செய்தித்தாள் நினைவுக்கு வருகிறது.

மேற்புறம் மட்டும் உண்மை மரமான மூன்றாவது வகைக்கு ‘மேல்மரம்’ போதும் என்று நினைக்கிறேன். முழுமரம், மேல்மரம், ஒட்டேடு என்று மூன்றையும் அடுத்தடுத்துச் சொன்னாலே, எதில் எவ்வளவு மரம் இருக்கிறது என்ற வரிசை தெரிந்துவிடுகிறது.

இன்னொரு சிக்கலை ஒருவரும் எழுப்பவில்லை. ஃப்ளோரிங் என்பதற்கு எல்லோரும் தளம் என்றோ தரைத்தளம் என்றோ எழுதுகிறோம். தரைத்தளம் என்றால் கட்டடத்தின் கீழ்மாடி. ‘தரைத்தளத்துக்கு முழுமரம்’ என்பது தரைக்கான பொருளைச் சொல்கிறதா, வீட்டின் பகுதியைச் சொல்கிறதா என்று தெரியாது. பாவி முடித்த பரப்புக்குத் தளம் என்பதையும், கடையில் பெட்டியாக வாங்கும் பொருளுக்குப் ‘பாவுபலகை’ என்பதையும் வைத்துக்கொள்ளலாம். கல் பாவினார்கள், தளம் பாவினார்கள் என்ற வழக்கு நம்மிடம் பழையது. பாவுகல் இருக்கும்போது பாவுபலகை இருப்பதில் வியப்பில்லை.

மேற்படலம் எத்தனை தேய்ப்பைத் தாங்கும் என்பதைக் காட்ட ஐரோப்பிய வகைப்பாட்டில் ஏசி 1, ஏசி 2 என்று வரிசையாக இடும் குறியீட்டை, ‘தேய்வுத்தரம் 3’ என்பதுபோல எழுதப் போகிறேன். ஏசி 3 என்று எழுதினால் நம் வாசகர் குளிரூட்டியைத் தேடுவார்.

சொற்கள் உரைநடையில் நிற்கின்றனவா என்று பார்க்கக் கையேட்டிலிருந்து மூன்று வாக்கியங்கள்: ‘நிலக்கீழ் அறையில் முழுமரப் பாவுபலகையைத் தவிர்த்து, ஈரத்தடுப்புத் தாள் விரித்து அதன்மேல் மேல்மரத்தையோ ஒட்டேட்டையோ பாவுங்கள். ஒட்டேட்டுப் பாவுபலகையின் விளிம்பில் நீர் தேங்க விட்டால் உள்ளிருக்கும் நார்ப்பலகை ஊறி உப்பிவிடும். உப்பிய பலகையைத் தேய்த்துச் சரிசெய்ய முடியாது, மாற்றத்தான் வேண்டும்.’

மேல்மரம் என்பதில் மட்டும் எனக்கு ஒரு தயக்கம் எஞ்சியிருக்கிறது. கதவு நிலையின் மேற்சட்டத்தை அப்பெயரால் அழைக்கும் ஊர் எதுவும் உண்டா? தச்சர் குடும்பங்களைச் சேர்ந்த அன்பர்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதினால், அந்த ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு இயலை அச்சுக்கு அனுப்புவேன்.

அன்புடன்,
கையேட்டுக்காரன்