மொரிஸ் மைனரின் கரும்புகையும் பஞ்சிகாவத்தை நானாவும்

எங்கள் வீட்டு மொரிஸ் மைனர் 1000 இம்முறை புகைப் பரிசோதனையில் தேறவில்லை. 1098 சிசி எஞ்சின், பெற்றோலையும் காற்றையும் கலந்து கொடுக்க எஸ்யூ கார்பரேட்டர். கார்பன் மொனொக்சைட்டு எல்லை மீறியிருந்தது. அந்தச் சான்றிதழ் இல்லாமல் வருமான அனுமதிப்பத்திரம் எடுக்க முடியாது என்பதால் வெள்ளவத்தையில் ஒரு கராஜுக்குக் கொண்டுபோனேன். கலவையில் பெற்றோலைக் குறைத்தார்கள், புகை குறையவில்லை. இன்னும் குறைத்தார்கள். கடைசியில், கார்பரேட்டரில் பெற்றோல் அளவைத் தீர்மானிக்கும் ஊசியையே மாற்ற வேண்டும் என்றார்கள்.

அந்த ஊசியைத் தேடிக் கொழும்பில் வாகன உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தைக்குப் போனபோது, கடைக்காரர் பின் ஒழுங்கையிலிருந்த மெக்கானிக் நானா ஒருவரைக் காட்டினார். நானா ஸ்பானரைத் தொடவேயில்லை. குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்யப் பெற்றோலைக் கூட்டும் சோக்கை உள்ளே தள்ளிவிட்டுக் குனிந்து, கார்பரேட்டரின் அடியில் பெற்றோல் வரும் சிறு குழாயான ஜெட்டை விரலால் மேலே அழுத்தினார். டக்கென்று ஏறி உட்கார்ந்தது.

"தம்பி, உங்கள் வண்டி இவ்வளவு நாளும் சோக்கில்தான் ஓடியிருக்கிறது."

எஸ்யூவில் சோக்கை இழுத்தால் ஜெட் கீழே இறங்கும். ஊசியைச் சுற்றி இடைவெளி கூடிப் பெற்றோல் அதிகம் போகும். எங்கள் வண்டியில் சோக் கம்பி இறுகியதால் ஜெட் இறங்கியபடியே நின்றுவிட்டது. பெற்றோலைக் குறைக்கக் கராஜில் ஏற்றிய அடி நட்டு, ஜெட் எதுவரை ஏறலாம் என்று மட்டுமே நிர்ணயிக்கிறது. ஜெட் அதைத் தொடவே தொடாதபோது நட்டை எவ்வளவு ஏற்றி என்ன பயன்? ஊசியை மாற்றச் சொல்கிறவரிடம் முதலில் சோக் கம்பியைப் பார்த்தாரா என்று கேளுங்கள்.

கம்பியைத் தளர்த்தியதும் எஞ்சின் திணறி நின்றது. கராஜில் ஏற்றிவைத்த நட்டு இப்போதுதான் தன் வேலையைக் காட்டியது. நானா அதை இறக்கி, எஞ்சின் நன்றாகச் சூடாகும்வரை பிளேன் டீ குடித்தார். பிறகு பக்கத்திலுள்ள சிறு முளையைத் தள்ளி, ஊசியைத் தாங்கும் கார்பரேட்டர் பிஸ்டனை ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவாக உயர்த்தினார். வேகம் கூடி அப்படியே நின்றால் பெற்றோல் அதிகம். அணையப் பார்த்தால் குறைவு. சற்றே கூடி உடனே பழைய நிலைக்கு வந்தால் சரி. நட்டின் ஆறு முகங்களில் ஒரு முகம் திருப்புவார், எஞ்சினை ஒருமுறை உறுமவிடுவார், மறுபடி உயர்த்துவார். கண் முழுக்கத் தெருவில் போகிறவர்கள் மேல்தான். காது மட்டும் எஞ்சினில்.

கார்பரேட்டரின் மேல்மூடியைத் திறந்தால், பிஸ்டனின் வேகத்தைத் தணிக்கும் டாஷ்பொட்டில் எண்ணெய் சொட்டுக்கூட இல்லை. காலி வீதி சிக்னலில் மிதித்ததும் வண்டி தயங்கியதற்குக் காரணம் அதுதான்: தடுக்க எண்ணெய் இல்லாததால் பிஸ்டன் சட்டென்று எழும்பி, அந்தக் கணத்தில் காற்று மிகுந்துவிடுகிறது. 20 கிறேட் எண்ணெய் விட்டார். மறு பரிசோதனையில் வண்டி தேறியது, பழைய ஊசியுடனேயே.

* * *

மேலே எழுதியவருக்கு: என்னுடையது நிசான் சன்னி பி11, ஹிட்டாச்சி கார்பரேட்டர். 2022 பெற்றோல் தட்டுப்பாட்டில் மாதக்கணக்காக நின்ற வண்டி, பிறகு ஐடிலில், அதாவது மிதிக்காமல் ஓடும்போது, குலுங்கத் தொடங்கியது. கலவைத் திருகை எந்தப் பக்கம் திருப்பினாலும் எஞ்சின் ஓசையில் மாற்றமே இல்லை. திருகுக்கு எஞ்சின் மசியவில்லை என்றால் பெரும்பாலும் ஐடில் துவாரம் அடைத்திருக்கும். எனக்கும் அதுதான், காய்ந்த பெற்றோல் பிசின். கழற்றிக் கழுவிக் காற்றடித்த பிறகு, திருகை மெதுவாக உள்ளே முட்டவிட்டு, வெளியே எடுத்து எஞ்சின் வேகம் உச்சமாகும் இடத்தில் நிறுத்தினேன். முட்டும்போது இறுக்க வேண்டாம், ஊசிமுனை வடுப்பட்டுவிடும்.

ஹிட்டாச்சியின் அடிக் கேஸ்கட் பஞ்சிகாவத்தையில் எந்தக் கடையில் கிடைக்கும்? தாளில் வெட்டித் தருவது வேண்டாம், அது நிற்பதில்லை.