கொல்லம் முதல் கோட்டப்புறம் வரை: எங்கள் குடும்பக் குழுவில் ஒரு மாலை

பெரியப்பா (6:10): அனைவருக்கும் வணக்கம். டிசம்பர் 26 அன்று கேரளத்தின் கொல்லத்தில் படகேறி, கொடுங்கல்லூர் பக்கத்துக் கோட்டப்புறம் வரை நீர்வழியாகவே போவது என்று முடிவாகிவிட்டதால், இனி நாள் கணக்கைப் பேசிவிடுவோம். 1993இல் தேசிய நீர்வழி 3 என அறிவிக்கப்பட்ட தடத்தில் இந்தப் பகுதி 168 கிலோமீட்டர். காயலும் கால்வாயுமாக, கடலை ஒட்டியே போகும்.

மாமா (6:18): அத்தான், மணிக்கு 8 கிலோமீட்டர் என்றால் 21 மணி நேரம்தானே, இரண்டு நாள் போதாதா? திருவனந்தபுரத்திலேயே ஏறிவிட்டால் கொல்லம் வரை வேன் பிடிக்கும் செலவும் மிச்சமாகுமே.

பெரியப்பா (6:31): அந்த வழியில் வர்க்கலைக் குன்று குறுக்கே நிற்கிறது. 19ஆம் நூற்றாண்டில் அதைக் குடைந்து வெட்டிய இரண்டு சுரங்கங்கள் வழியாகத்தான் அன்று வள்ளங்கள் போயின. மண்மூடிக் கிடந்த அந்தத் தடத்தை நம்பிக் குழந்தைகளோடு புறப்பட முடியாது. நம் மண்டைக்காடு, குளச்சல் பக்கத்து ஏ.வி.எம். (அனந்த விக்டோரியா மார்த்தாண்டம்) கால்வாயும் திருவனந்தபுரத்தைக் கன்னியாகுமரியோடு இணைக்க வெட்டத் தொடங்கியதுதான். அது முழுமையாக முடிந்திருந்தால் நம் ஊரிலேயே படகேறியிருக்கலாம் என்று, அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் எனக்கு மனம் கனத்துப் போகும்.

கொச்சி அண்ணன் (6:44): மாமா, தூரத்தை வேகத்தால் வகுத்து இந்தப் பயணத்துக்கு நாள் குறிக்க முடியாது. ஆலப்புழைப் பக்கம் மாலை ஐந்தரை மணிக்கு மேல் மீனவர்கள் காயலில் வலை விரிப்பதால், அதற்குள் வீட்டுப்படகுகளைக் கரையில் கட்டிவிடுவார்கள். அவர்கள் பிழைப்பு அது, நாம்தான் ஒதுங்கி நிற்க வேண்டும். திருக்குன்னப்புழையில் ஒரு பூட்டு மதகு, அதாவது இரு கதவுகளுக்கு நடுவே படகை நிறுத்தி நீர்மட்டத்தைச் சமன்செய்து கடத்திவிடும் அமைப்பு, உண்டு. கதவு திறக்கும் வரை காத்திருக்கத்தான் வேண்டும். தண்ணீர்முக்கம் தடுப்பணையையும், குட்டநாட்டு நெல்வயல்களுக்கு உப்புநீர் ஏறாமலிருக்க, வழக்கமாக டிசம்பர் நடுவில் அடைத்து மார்ச் நடுவில்தான் திறப்பார்கள். ஆகவே அங்கும் படகுகளுக்கான மதகு வழியாகத்தான் கடக்க வேண்டியிருக்கும். நான்கு பகல் வைத்துக்கொள்ளுங்கள்.

நான் (6:52): அண்ணன் சொல்வது சரி. போன வருடம் நண்பர்களோடு போனபோது புரொப்பெல்லரில் ஆகாயத்தாமரை சுற்றிக்கொண்டு இன்ஜின் நின்றுவிட்டது. படகோட்டியான ஸ்ராங்கு குப்புறப் படுத்து, தோள் வரை கையைத் தண்ணீருக்குள் விட்டு, தேங்காய் நார் போல முறுக்கேறியிருந்த வேர்களைக் கத்தியால் கொத்துக் கொத்தாக அறுத்தெடுத்தார். அதற்கே முக்கால் மணி நேரம் ஆனது. அப்படி ஓர் இடைஞ்சலுக்கும் நாம் தினமும் நேரம் ஒதுக்க வேண்டும்.

சித்தி (7:03): நாம் பதினான்கு பேர், அதில் ஐந்து பேர் குழந்தைகள். தானூரில் 2023 மே 7 அன்று, இருட்டிய பிறகு அளவுக்கு மேல் ஆள் ஏற்றிப் போன படகு கவிழ்ந்து 22 பேர் இறந்ததை நான் இன்னும் மறக்கவில்லை. குழந்தைகளின் அளவுக்கே லைஃப் ஜாக்கெட் இருப்பதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் நான் முன்பணம் கொடுக்கச் சம்மதிப்பேன்.

பெரியப்பா (7:09): சித்தி சொன்னதில் மாற்றுக் கருத்தே கிடையாது. படகின் பதிவுச் சான்றையும் ஸ்ராங்கின் உரிமத்தையும் நானே நேரில் பார்த்துவிடுகிறேன்.

மாமா (7:15): சரி அத்தான், நான்கு பகலே இருக்கட்டும். மாடி வைத்த படகு கிடைத்தால் பிள்ளைகள் மேலே உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பார்களே?

கொச்சி அண்ணன் (7:22): கால்வாய்ப் பகுதியில் தாழ்ந்த பாலங்கள் வரும் மாமா. வேலியேற்றத்தில் நீர்மட்டம் உயர்ந்தால் இடைவெளி இன்னும் குறையும். மாடி இல்லாத படகே நமக்கு நல்லது. முதல் இரவு காயங்குளம் காயல் கரை, இரண்டாவது ஆலப்புழை, மூன்றாவது வைக்கம். கடைசி நாள் கொச்சித் துறைமுகத்தில் பெரிய கப்பல்களின் பாதையைக் காலையிலேயே கடந்துவிட்டால் பொழுது சாய்வதற்குள் கோட்டப்புறம் சேரலாம்.

அத்தை (7:30): பாட்டியும் வருகிறார்கள். காயலில் எங்கு பார்த்தாலும் தண்ணீர்தான், குடிக்க மட்டும் ஆகாது என்று இப்போதே சொல்லிவிட்டார்கள். இருபது லிட்டர் கேன் எத்தனை வேண்டும்?

நான் (7:34): ஆறு கேன் ஏற்றிக்கொள்வோம் அத்தை. ஆலப்புழையில் மறுபடி வாங்கிக்கொள்ளலாம்.

பெரியப்பா (7:41): நல்லது. ஞாயிற்றுக்கிழமை நானும் மாமாவும் கொல்லத்துக்குப் போய்ப் படகைப் பார்த்துவிட்டு வருகிறோம். குழந்தைகள் ஐவரின் எடையையும் அதற்குள் இங்கே எழுதிவிடுங்கள். ஜாக்கெட்டின் அளவைச் சரிபார்க்க அது தேவைப்படும்.