ஜேம்ஸ் பர்ட்டன் முன்வரிசைக்கு வந்திருக்க வேண்டாமா?

ஆறாம்தந்தி:
நேற்று ராத்திரி அமெரிக்கப் பாடகர் ரிக்கி நெல்சனின் ‘ஹலோ மேரி லூ’ (1961) கேட்டேன். நடுவில் வரும் கிதார் சில நொடிதான், ஆனால் பாட்டைத் தூக்கி நிறுத்துவது அதுதான். வாசித்தவர் ஜேம்ஸ் பர்ட்டன். அந்தப் பாட்டைக் கேட்கிறவர்களில் எத்தனை பேருக்கு இந்தப் பெயர் தெரியும்? அமெரிக்காவின் லூசியானா மாநிலத்துக்காரர், 1939இல் பிறந்தவர். பதினாலு வயதிலேயே ஷ்ரீவ்போர்ட்டில் ‘லூசியானா ஹேரைடு’ வானொலி மேடை ஏறியவர். அப்புறம் நெல்சன், எல்விஸ், எமிலூ ஹாரிஸ், ஜான் டென்வர் என்று ஏதாவது ஒரு பாடகருக்குப் பக்கவாத்தியமாகவே காலம் போயிற்று.

கிளென் கேம்பலைப் பாருங்கள். பக்கத்து மாநிலமான ஆர்க்கன்சாவில் பிறந்து, லாஸ் ஏஞ்சலஸ் ஸ்டூடியோக்களில் கூலிக்குக் கிதார் வாசித்தவர்தான். 1969இல் அவர் பெயரிலேயே டிவி நிகழ்ச்சி வந்துவிட்டது. பர்ட்டனுக்குத் துணிச்சல் போதவில்லை என்பதே என் கருத்து.

டெலிதாசன்:
கேம்பல் பாடுவார் ஐயா! மிருதங்க வித்வானிடம் போய் ‘நீங்கள் ஏன் பாடவில்லை’ என்று கேட்பீர்களா? பர்ட்டன் தனியாக ஆல்பம் போட்டும் பார்த்தார், 1971இல். அவருடைய கை வேறு மாதிரி. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிக் (தந்தியைச் சுண்டும் சின்ன வில்லை), நடுவிரலில் தனியாக ஒரு விரல் பிக். தந்தியைச் சுண்டிய வேகத்தில் அமுக்கினால் கோழி கொக்கரிப்பது போல ஒரு சத்தம் வரும். அதைப் பாட்டு முழுக்க வாசித்தால் சலித்துவிடும். பாடகர் மூச்சு வாங்கும் இடத்தில் எட்டிப் பார்த்துவிட்டு ஓடிவிட வேண்டும். அப்படிப்பட்ட கலையை முன்வரிசையில் வைத்து என்ன செய்வது?

எல்விஸ் மேடையிலேயே ‘பிளே இட், ஜேம்ஸ்!’ என்று கூவுவாரே, அதுவே போதாதா?

பின்வரிசை:
இருபது வருடமாகக் கல்யாணக் கச்சேரிகளில் கிதார் வாசிக்கிறவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். துணிச்சலை மேடையில் தேடாதீர்கள், வேலை குறித்துவைக்கும் டைரியில் தேடுங்கள். அமெரிக்க ஸ்டூடியோ வேலை, சங்க விதிப்படி மூன்று மணி நேரக் கணக்கு. ஒரு நாளில் இரண்டு மூன்று வேலை முடிக்கலாம். ஆனால் கூப்பிடும்போது நீங்கள் ஊரில் இல்லையென்றால் அடுத்த ஆளுக்குப் போய்விடும். திரும்பி வந்தால் உங்கள் நாற்காலியில் அவன் உட்கார்ந்திருப்பான்.

1968இல் எல்விஸின் டிவி நிகழ்ச்சிக்குக் கூப்பிட்டபோது பர்ட்டனால் போக முடியவில்லை. பாடகர் ஃபிராங்க் சினாட்ராவின் ரெக்கார்டிங்கில் மாட்டிக்கொண்டிருந்தார். அடுத்த வருடம் மறுபடி கூப்பிட்டார்கள், லாஸ் வேகஸ் மேடைக்கு. ஆள் சேர்க்கும் பொறுப்பையும் கொடுத்தார்கள். பேஸ் கிதார் ஜெர்ரி ஷெஃப், டிரம்ஸ் ரோனி டட் எல்லாம் அப்படி வந்தவர்கள்தான். ஸ்டூடியோ வருமானத்தை விட்டுவிட்டுப் போனார். 1969 ஜூலை 31இல் தொடங்கியது, 1977இல் எல்விஸ் சாகும்வரை நீடித்தது. அதே வருடம் ஜான் டென்வரோடு சேர்ந்துவிட்டார். வேலை இல்லாமல் நின்ற மனுஷனா இது?

ஆறாம்தந்தி:
வேலை இருந்தது, சரி. உரிமை? அதற்குப் பதில் சொல்லுங்கள். 1957இல் வந்த ‘சூசி க்யூ’ பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். டேல் ஹாக்கின்ஸ் பாடியது. முதல் நொடியிலிருந்து உங்களைப் பிடித்து இழுப்பது அந்தக் கிதார். வாசித்த பர்ட்டனுக்கு அப்போது பதினெட்டுகூட ஆகவில்லை. எழுதியவர்கள் பட்டியலில் ஷ்ரீவ்போர்ட் ரெக்கார்டு கடைக்காரர் ஸ்டான் லூயிஸ் இருக்கிறார், பர்ட்டன் இல்லை. 1968இல் கிரீடென்ஸ் என்ற ராக் குழு அதையே எட்டரை நிமிடம் வாசித்துப் புகழ் பெற்றது. அதற்குரிய ராயல்டி யாருக்குப் போயிருக்கும் என்று நான் சொல்ல வேண்டுமா?

2001இல் இசைக்காரர்களைக் கௌரவிக்கும் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம், பர்ட்டனைப் பக்கவாத்தியக்காரர் வரிசையில் சேர்த்துக்கொண்டது. அதே வருடம் அதே வரிசையில் சேர்ந்தவர் ராக் பாடகர் சக் பெரியின் பியானோக்காரர் ஜானி ஜான்சன். பெரியின் பாட்டுகளில் எனக்கும் பங்கு உண்டு என்று ஜான்சன் 2000இல் வழக்குப் போட்டார். காலம் கடந்துவிட்டது என்று தள்ளிவிட்டார்கள். பின்வரிசையில் நிற்பதன் விலை இதுதான்.

டெலிதாசன்:
‘சூசி க்யூ’ விஷயத்தில் நீங்கள் சொல்வது நியாயம். அது அநியாயம்தான், மறுக்கவில்லை. ஆனால் அதற்கு மருந்து பாட்டின் கீழே பெயர் போடுவது. முன்னால் வந்து பாடுவது அல்ல.

பின்வரிசை:
நானும் அதையே சொல்ல வந்தேன். பத்து வருடம் முன்பு ஒரு விளம்பரத்துக்கு நான் வாசித்த நாலு ஸ்வரத்தை இன்னும் டிவியில் போடுகிறார்கள். அன்றைக்குக் கையில் கொடுத்த கவரோடு சரி. கோபம் வரும், அப்புறம் அடுத்த முகூர்த்தம் வந்துவிடும்.

இன்னொன்று, ஆறாம்தந்தி அண்ணே. எமிலூ ஹாரிஸ் குழுவையும் எல்விஸ் குழுவையும் சேர்த்துச் சமாளிக்க முடியாமல் 1976இல் எமிலூவை விட்டார். அந்த இடத்துக்கு ஆல்பர்ட் லீ என்ற கிதார்க்காரர் வந்து பேர் வாங்கினார். பர்ட்டன் தவறவிட்டது என்று சொல்வதானால் அதைச் சொல்வேன். அங்கே கிதாருக்கு நிறைய இடம் இருந்தது.

ஆறாம்தந்தி:
அப்படியானால் பாதி என் பக்கம் வந்துவிட்டீர்கள்.

பின்வரிசை:
கால்வாசி.

டெலிதாசன்:
சண்டை முடிந்ததா? பர்ட்டன் கிதாரின் மெல்லிய தந்திகளுக்குப் பதில் இன்னும் மெல்லிய பாஞ்சோ வாத்தியத் தந்தி மாட்டினார் இல்லையா, ஸ்டீல் கிதாரில் ஸ்வரம் வழுக்குவது மாதிரி வளைத்து இழுக்க. நானும் மாட்டிப் பார்த்தேன். பாஞ்சோ தந்தியின் நுனியில் குண்டு இல்லை, வெறும் வளையம்தான். என் டெலிகாஸ்டர் கிதாரின் பின்பக்க ஓட்டையில் நிற்காமல் நழுவுகிறது. பழைய தந்தியின் குண்டைக் கழற்றி வளையத்தில் கோத்துவிடலாமா? யாராவது செய்திருக்கிறீர்களா?