பெல்லட் கிரில்லுக்குக் கூரை: வீட்டுச் சுவரோடு சாய்ப்பு இறக்கலாமா?

கறிவாசனை (நியூ ஜெர்சி):

வணக்கம். பெல்லட் கிரில் (அழுத்திய மரத்தூள் துண்டுகளை எரித்துக் கறி சுடும், கரண்டில் இயங்கும் அடுப்பு) வைத்திருப்பவர்கள், மரவேலை தெரிந்தவர்கள் யாராவது வழி சொல்லுங்கள்.

தனி வீடு. பின்பக்கம் கான்கிரீட் தளம், அதை ஒட்டி வினைல் சைடிங் (வெளிச்சுவரை மூடும் பிளாஸ்டிக் பட்டைகள்) போட்ட வீட்டுச் சுவர். கிரில் வருஷம் முழுக்க வெளியேதான் நிற்கிறது, மேலே உறை மட்டும். போன வாரம் விடாத மழை. அப்புறம் திறந்து பார்த்தால் ஹாப்பரின் (பெல்லட் கொட்டிவைக்கும் தொட்டி) அடியில் பெல்லட் எல்லாம் ஊறி உப்பி, மரத்தூள் கூழாகக் கிடக்கிறது. பெல்லட்டை நெருப்புக்குத் தள்ளும் திருகு, அதாவது ஆகர், அசையவே இல்லை. மேலாக இருந்ததை அள்ளிவிட்டு ப்ளக்கைச் செருகினால், கொஞ்ச நேரத்தில் ஜிஎஃப்சிஐ (கரண்டு கசிந்தால் தானாகத் துண்டிக்கும் பாதுகாப்பு அவுட்லெட்) விழுந்துவிடுகிறது. ரீசெட் செய்தால் மறுபடியும் அதே கதை.

உறையை நம்பிப் பயனில்லை, கூரையே போட்டுவிடலாம் என்று பார்க்கிறேன். திட்டம் இதுதான்: வீட்டுச் சுவரிலிருந்து சாய்ப்பு இறக்குவது. முன்பக்கம் இரண்டு 4-க்கு 4 மரத் தூண். சுவர்ப் பக்கம் 8 அடி உயரம், முன்னால் 7 அடி. மேலே வெளிச்சம் வருகிற மாதிரி பிவிசி அலைத்தகடு. காற்று, சாரல் படாமல் இருக்க இரண்டு பக்கவாட்டிலும் பிளைவுட் அடைப்பு. கிரில்லுக்குப் பின்னால் சுவரில் சிமென்ட் போர்டு அடித்துவிடுவேன். கரண்டுக்கு கராஜிலிருந்து எக்ஸ்டென்ஷன் வயர்.

7 அடி போதுமா? சிமென்ட் போர்டு போட்டால் வினைலுக்குப் பாதுகாப்பா? ஜிஎஃப்சிஐ விழுவது ஈரத்தால்தானா? வீட்டில் ஒரே கேள்விதான்: “கோழி வேகிறதுக்கு முன்னாடி வீடு வெந்துடாதே?”

மழைக்கால மீன்:

வீட்டில் கேட்டது சரியான கேள்வி. பின்னால் வீட்டுச் சுவர், இரண்டு பக்கமும் பிளைவுட், மேலே கூரை. அது கொட்டகை இல்லை, அறை. விறகு எரிகிற இடத்தில் கார்பன் மோனாக்சைடு இருக்கும். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. அடைப்பை முதலில் எடுத்துவிடுங்கள்.

உளிச்சத்தம் (பென்சில்வேனியா):

எதையும் வாங்குவதற்கு முன்னால் கிரில்லின் மேனுவலை எடுங்கள். அதில் இரண்டு விஷயம் தேடுங்கள். பின்னாலும் பக்கவாட்டிலும் எரியக்கூடிய பொருளிலிருந்து எத்தனை அங்குலம் தள்ளி வைக்கச் சொல்லியிருக்கிறது என்பது ஒன்று. தலைக்கு மேலே எரியக்கூடிய கூரை இருக்கலாமா என்பது இன்னொன்று. கூடவே கூடாது என்று எழுதியிருக்கும் மாடல்கள் நிறைய உண்டு. உங்களுடையதும் அப்படியென்றால் 7 அடியா 9 அடியா என்ற பேச்சுக்கே இடமில்லை. மரச்சட்டம் வைத்த கூரை எவ்வளவு உயரத்தில் இருந்தாலும் மரச்சட்டம்தான். நாளைக்கு ஏதாவது ஆனால் காப்பீட்டுக்காரரும் அந்தப் பக்கத்தைத்தான் புரட்டுவார்.

அடுத்தது வினைல். சுமார் 160 டிகிரி ஃபாரன்ஹீட்டிலேயே அது இளக ஆரம்பித்துவிடும். உங்கள் கிரில் 500 வரை போகும். 225-இல் மெதுவாக வேகும்போது ஒன்றும் தெரியாது. சூட்டை ஏற்றி மூடியைத் திறக்கும்போது பின்னால் ஒரு அனல் அடிக்கும் பாருங்கள், அதில்தான் சைடிங் நெளியும். மேனுவலில் போட்டிருக்கும் இடைவெளி தீப்பிடிக்காமல் இருக்கத்தான், வினைல் நெளியாமல் இருக்க அது போதாமல் போகலாம். நானாக இருந்தால் வீட்டுச் சுவர்ப் பக்கமே போகமாட்டேன், தள்ளித் தனியாக நிறுத்துவேன்.

சிமென்ட் போர்டு பற்றி: அது எரியாது, உண்மை. ஆனால் சூட்டைக் கடத்தும். சுவரோடு ஒட்டி ஆணி அடித்தால் போர்டுக்குக் கொஞ்ச நேரம் கழித்துப் பின்னால் உள்ள மரமும் சூடாகும். தடுப்பது போர்டு இல்லை, அதற்குப் பின்னால் ஓடுகிற காற்று. வீட்டுக்குள் வைக்கும் விறகு அடுப்புகளுக்கான என்எஃப்பிஏ 211 விதியை (அமெரிக்கத் தீப்பாதுகாப்புச் சங்கத்தின் விதி)ப் பாருங்கள். 36 அங்குலம் தள்ளி வைக்க வேண்டிய அடுப்பை 12 அங்குலம் வரை நெருக்கலாம், ஆனால் நடுவில் 24 கேஜ் தகடு வேண்டும், தகட்டுக்கும் சுவருக்கும் இடையே 1 அங்குல இடைவெளி வேண்டும், மேலும் கீழும் காற்றுப் போக வழி வேண்டும். அது அடுப்புக்கான கணக்கு, கிரில்லுக்கு மேனுவல் சொல்வதே சட்டம். தத்துவம் ஒன்றுதான்.

பிவிசி தகடு வேண்டவே வேண்டாம். வினைலும் பிவிசியும் ஒரே சாதி, அதுவும் சூட்டில் தொங்கிவிடும். கால்வனைஸ் தகரம் போடுங்கள், சட்டத்துக்கும் இரும்புக் குழாய். சரிவின் உயரமான பக்கம் திறந்த வெளியைப் பார்க்கட்டும், கிரில்லின் புகைபோக்கியும் அந்தப் பக்கமே வரட்டும். தாழ்ந்த பக்கத்தில் புகைபோக்கி இருந்தால் புகை கூரைக்கடியில் சுருண்டு நிற்கும். அப்புறம் பழுப்பு நிறத்தில் பிசுபிசுவென்று ஒன்று தட்டில் இருக்கும் கறி மேலேயே சொட்டும். அந்தக் கசப்பு நாக்கை விட்டுப் போகாது.

தூண்: இருக்கும் கான்கிரீட் தளத்தில் போல்ட் அடித்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். தளம் அஸ்திவாரம் ஆகாது. தகரக் கூரையைக் காற்று மேலே தூக்கும், குளிர்காலத்தில் உறைந்த மண்ணும் தூக்கும். நம் பக்கத்தில் தூணின் அஸ்திவாரம் 3 அடி ஆழமாவது போகவேண்டும், உங்கள் டவுன்ஷிப்பில் என்ன ஆழம் கேட்கிறார்கள் என்று விசாரியுங்கள். தோண்டுவதற்குச் சில நாள் முன்பே 811-க்கு அழையுங்கள். கேஸ் குழாய், கேபிள் எங்கே போகிறது என்று இலவசமாகக் குறித்துவிட்டுப் போவார்கள்.

பழைய கொல்லை:

எல்லாரும் ரொம்பத்தான் பயமுறுத்துகிறீர்கள். எங்கள் ஆச்சி தென்னங்கீற்றுக் கூரைக்கு அடியிலேயே விறகடுப்பு எரித்தார்கள். காலம் முழுக்க ஒன்றும் ஆகவில்லை.

உளிச்சத்தம் (பென்சில்வேனியா):

ஆச்சி அடுப்பை விட்டு எழுந்து போகமாட்டார்கள். நாம் போன் ஆப்பில் டெம்பரேச்சர் பார்த்துக்கொண்டு சோபாவில் இருக்கிறோம்.

இன்னொன்று. அடுப்புக்கு மேலே பரணில் விறகைப் போட்டு வைப்பார்களே, எதற்கு? காய்ந்து, வைத்ததும் பற்ற வேண்டும் என்றுதானே. கிரில்லுக்கு மேலே இருக்கும் மரச்சட்டமும் பரண் விறகு மாதிரிதான். மாசக்கணக்கில் சூடு பட்டுப் பட்டு, புது மரத்தைவிடக் குறைந்த சூட்டிலேயே பற்றுகிற நிலைக்கு வந்துவிடும். இத்தனை நாள் ஒன்றும் ஆகவில்லை என்பது இந்த விஷயத்தில் ஆறுதல் கிடையாது.

மூன்றாம் வயர் (எலக்ட்ரிசியன்):

கரண்டு கேள்விக்கு வருகிறேன். ஜிஎஃப்சிஐ லோடு அதிகமானால் விழுவதில்லை. போன கரண்டு முழுதாகத் திரும்பி வராமல் 5 மில்லி ஆம்பியர் அளவுக்கு எங்கேயாவது கசிந்தால் விழும். கிரில்லில் அதிகம் இழுப்பது பற்றவைக்கும் ராடு, அதுவே 200 முதல் 300 வாட்தான். ஆகவே இது கசிவு. அந்த ராடுக்குள் ஈரம் ஏறியிருக்கும் என்பது என் ஊகம்.

சோதிப்பது சுலபம். ப்ளக்கைப் பிடுங்குங்கள். கன்ட்ரோலரிலிருந்து ராடுக்குப் போகும் இணைப்பை மட்டும் கழற்றி, பலகையை மூடிவிட்டு மறுபடி செருகிப் பாருங்கள். இப்போது விழவில்லை என்றால் ராடுதான், மாற்றிவிடலாம். அப்போதும் விழுந்தால் ஃபேன், ஆகர் மோட்டார், வயர் என்று ஒவ்வொன்றாகப் போகவேண்டும். கோபத்தில் ஜிஎஃப்சிஐ இல்லாத வேறு அவுட்லெட்டில் மட்டும் செருகிவிடாதீர்கள். ஈரத் தரையில் நின்றுகொண்டு இரும்புப் பெட்டியைத் தொடப்போவது நீங்கள்.

எக்ஸ்டென்ஷன் வயர் நிரந்தர ஏற்பாடு ஆகாது. டவுன்ஷிப்பில் பெர்மிட் எடுத்து வெளி அவுட்லெட் ஒன்று போட்டுவிடுங்கள், ப்ளக் செருகியிருக்கும்போதும் மூடிக்கொள்கிற குமிழ் மூடியோடு. அதுவரை சமாளிக்க வேண்டுமென்றால் வெளிப்புற உபயோகத்துக்கான 14 கேஜ் வயர், அதைவிட மெல்லியது வேண்டாம். இணைப்பு தரையில் கிடக்கக் கூடாது.

புகைராணி (டெக்சாஸ்):

ஆகர் பற்றி யாரும் சொல்லவில்லையே. தம்பி, ஊறிய பெல்லட் காய்ந்தால் சிமென்ட் மாதிரி இறுகிவிடும். மோட்டார் சுற்றட்டும் என்று திரும்பத் திரும்ப ஆன் செய்தால் மோட்டார்தான் போகும். கரண்டை எடுத்துவிட்டு, ஹாப்பரை முழுக்கக் காலி செய்து, ஆகரை வெளியே உருவிச் சுரண்டுங்கள். குழாயின் உள்பக்கத்தையும் சேர்த்து.

முக்கியமான ஒன்று: மறுபடி பற்றவைப்பதற்கு முன்னால் நெருப்புக் கிண்ணத்தைப் பாருங்கள். பற்றாமல் போன ஒவ்வொரு தடவையும் அதில் பெல்லட் விழுந்து குவிந்திருக்கும். அப்படியே விட்டால் முதலில் வெள்ளைப் புகையாகக் கக்கும், பிறகு ஒரே மூச்சில் பற்றி மூடியைத் தூக்கி அடிக்கும். கிண்ணத்தைக் காலி செய்துவிட்டுத்தான் பொத்தானைத் தொடவேண்டும். அணைக்கும்போதும் ப்ளக்கைப் பிடுங்கக் கூடாது. ஷட்டவுன் போட்டு, ஃபேன் தானாக நிற்கும்வரை விடுங்கள். இல்லாவிட்டால் நெருப்பு ஆகர் வழியாக ஹாப்பரை நோக்கிப் பின்னால் நகரும்.

கூரை பற்றி என் கருத்து வேறு. எங்கள் வீட்டில் கொட்டகை கிரில் தூங்குவதற்கு மட்டும். சமைக்கும்போது வெளியே உருட்டி வந்துவிடுவோம், நன்றாக ஆறின பிறகு உள்ளே. மூன்று பக்கம் அடைத்தாலும், மரத்தில் செய்தாலும் கவலை இல்லை, ஏனென்றால் அங்கே நெருப்பே இல்லை. கிரில்லுக்குச் சக்கரம் எதற்குக் கொடுத்திருக்கிறார்கள்?

கறிவாசனை (நியூ ஜெர்சி):

அக்கா, டெக்சாஸில் சரி. இங்கே ஜனவரியில் பனியை அள்ளிவிட்டுத்தான் உருட்டவேண்டும். சமைப்பதும் கூரைக்கடியில்தான் வேண்டும் எனக்கு.

மாடிவீடு:

இடையில் ஒரு கேள்வி. எனக்கு அபார்ட்மென்ட், இரண்டாம் மாடி, மர பால்கனி. சின்ன பெல்லட் கிரில் வைக்கலாமா?

உளிச்சத்தம் (பென்சில்வேனியா):

வேண்டாம். எரியக்கூடிய கட்டடத்திலிருந்து 10 அடி தள்ளித்தான் வைக்கலாம் என்பது பெரும்பாலான ஊர்களில் தீயணைப்பு விதி. தனி வீட்டுக்கும் இரண்டு குடும்ப வீட்டுக்கும் அதில் விலக்கு உண்டு, அந்த விலக்கு அபார்ட்மென்ட்டுக்கு வராது. ஊர் ஃபயர் மார்ஷல் அலுவலகத்தில் கேட்டால் ஒரு வரியில் சொல்லிவிடுவார்கள்.

கறிவாசனை (நியூ ஜெர்சி):

எல்லோருக்கும் நன்றி. ராடின் இணைப்பைக் கழற்றிச் செருகினேன், ஜிஎஃப்சிஐ விழவில்லை. புது ராடுக்கு ஆர்டர் போட்டாயிற்று. ஆகரையும் உருவிவிட்டேன், உள்ளே சுண்ணாம்புக் கட்டி போல இறுகியிருந்தது. கிண்ணத்தில் அக்கா சொன்னது போலவே ஒரு குவியல்.

மேனுவலில் எரியக்கூடிய கூரைக்கடியில் பயன்படுத்தாதே என்று தெளிவாகப் போட்டிருக்கிறது. எனவே சாய்ப்பு கிடையாது. தளத்தின் அந்தக் கடைசியில், வீட்டிலிருந்து தள்ளி, இரும்புத் தூண் நான்கு, தகரக் கூரை, சுற்றிலும் திறந்தவெளி. காற்றுக்கு மட்டும் ஒரு பக்கம் ஏதாவது தடுப்பு வைக்கலாமா? கீழே கறிக்கொழுப்பு சொட்டிச் சேரும் எண்ணெய் வாளியும் சாம்பலும் எப்படி?

உளிச்சத்தம் (பென்சில்வேனியா):

வைக்கலாம். குளிர்காற்று வரும் வடமேற்கில் மட்டும், தகட்டில், இடுப்பு உயரம். தரையிலிருந்து அரை அடி விட்டு ஆரம்பியுங்கள், மேனுவல் சொன்ன இடைவெளி இதற்கும் உண்டு. பெரிய அளவு இல்லையென்றாலும் டவுன்ஷிப்பில் எல்லைக்கோட்டுத் தூரம் கேட்டுவிடுங்கள். எச்ஓஏ (வீட்டு உரிமையாளர் சங்கம்) இருந்தால் அவர்களிடம் படம் வரைந்து கொடுத்து எழுத்தில் வாங்குங்கள்.

எண்ணெய் வாளியை ஒவ்வொரு பெரிய சமையலுக்கு முன்னாலும் காலி செய்யுங்கள், சொட்டுத் தட்டையும் சுரண்டுங்கள். உள்ளே எண்ணெய் பற்றினால் மூடியைத் திறக்கவோ தண்ணீர் ஊற்றவோ கூடாது, மூடிவைத்துக் கரண்டை எடுங்கள். சாம்பலுக்கு மூடி போட்ட இரும்பு வாளி. சாம்பலுக்குள் கங்கு நாள் கணக்கில் உயிரோடு இருக்கும், அதனால் வாக்குவத்தை மறுநாளே எடுக்காதீர்கள்.

புகைராணி (டெக்சாஸ்):

தகரக் கூரை குளிரில் அடிப்பக்கம் வியர்க்கும் தம்பி. சரிவில் ஓடி வந்து குறுக்குச் சட்டத்தில் தேங்கி அங்கிருந்துதான் சொட்டும். ஹாப்பர் மூடி நேராக அந்தச் சட்டத்துக்குக் கீழே வராமல் கிரில்லை நிறுத்துங்கள். கூரை வந்தாலும் ஆறின பிறகு உறையைப் போடுங்கள், மீதி பெல்லட்டை மூடியுள்ள டப்பாவில் கராஜுக்குக் கொண்டுபோய்விடுங்கள்.